பதில் ஸலாம்

பலாபத்வல,
11.02.1992

அன்புத் தங்கச்சி றமீஸாவுக்கு,

ஸுலைஹா ராத்தா எழுதுறேன், அஸ்ஸலாமு அலைக்கும். இங்க உம்மாவுக்கு சீனி வருத்தம் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். மத்தபடி எல்லாரும் அல்லாஹ்ட உதவியால நல்லா இருக்கிறோம். தம்மாம் குளிர்ல உன்ட முழங்கால் வலி எப்படி? நீ வேலை செய்ற வீட்டு அரபிக்காரிக்கிட்ட சொல்லி தடிச்ச போர்வை ஒண்ணு வாங்கிக்கோ. வாயை மூடிக்கிட்டு இருக்காத.

உன்ட பலீல் மச்சான் உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார். நீ உம்மாவுக்கு, எனக்கு, அடுத்த வீட்டு ஜுனைதா மாமிக்கு, ஏன், நம்ம ஆட்டுக்குக் கூட சுகம் கேட்டு எழுதுறே. என்ட மாப்புளைக்கு மட்டும் ஒரு ஸலாம் எழுத உன்ட பேனையில மை இல்ல. அவர் ஒண்ணும் கேக்கல, நான்தான் கேக்கிறேன்.

சீகிரியாவுக்கு வெள்ளைக்காரங்க திரும்ப வரத் தொடங்கிட்டாங்க. மலை ஏறுறவங்க தோள்ல மாட்டுற தண்ணி பிளாஸ்க்குக்கு நாம செய்ற தோலுறை நல்லாப் போகுது. மச்சான் தோலை நனைச்சுக் கோடு போட்டுத் தருவார். நான் கத்தியால கொடியும் பூவும் வெட்டி, சாயம் பூசி, வர்ணம் தீட்டுறேன். முந்தி நாம அஞ்சு பேர் இருந்து செஞ்ச வேலை, இப்ப ரெண்டு பேர்.

இனி எழுதப் போறதை உக்காந்து வாசி.

போன மாசக் கடைசியில ஒருநாள், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ஒரு சிங்களப் பொம்பள கடைக்கு வந்தா. பேர் பியசீலியாம், ஊர் நாவுலயாம். மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இறங்கியிருக்கா. தோள்பட்டி அறுந்த பிளாஸ்க் உறை ஒண்ணைத் தந்து, வேற பட்டி வச்சுத் தைக்க ஏலுமான்னு கேட்டா. கையில வாங்கித் திருப்பிப் பாத்தேன். மூணு அன்னம். ரெண்டு முன்னால பாக்குது. மூணாவது கழுத்தைத் திருப்பிப் பின்னால பாக்குது.

நம்ம தம்பி ரவூப் கத்தி வழுக்கிப் பிழையா வெட்டினதுதான் அது. இதை விக்க ஏலாதுன்னு வாப்பா அவன்ட தலையில தட்டினதும், அப்ப நானே வச்சுக்கிறேன்னு அவன் தன்ட பிளாஸ்க்குக்குப் போட்டுக்கிட்டதும் உனக்கு மறக்குமா? எண்பத்தொம்பதுல, ஆமிக்காரங்க கலவரக்காரங்களைத் தேடித் திரிஞ்ச நேரம், சீகிரியாவுக்குச் சாமான் கொண்டு போனவன், நாலந்தா ரோட்டோரத்துல எரிஞ்சு கிடந்தான்னு சொல்லி கரிஞ்ச உடம்பையும் அவன்ட பையையும் கொண்டு வந்து தந்தாங்களே, நாம ரெண்டு பேரும்தானே பையை அவிழ்த்துப் பாத்தோம். விக்கக் கொண்டு போன உறையெல்லாம் பாதி எரிஞ்சு கிடந்தது. அவன்ட சொந்த பிளாஸ்க் மட்டும் இல்ல.

ஆனா இப்ப மூணு அன்னத்துக்கும் கண் இருக்கு. கறுப்புப் புள்ளி, சுத்தி வெள்ளை வட்டம். நம்ம பட்டறையில யாரு கண் வைப்பா? பறவை வெட்டினாலும் கண் வைக்காதீங்க, உயிர் கொடுக்கிற வேலை நமக்குச் சொந்தமில்லைன்னு வாப்பா சொல்லித்தானே வளந்தோம். இந்தக் கண் எப்படி வந்ததுன்னு கேட்டேன். கண்ணில்லாத பறவை வீட்டுக்கு ஆகாது, நான்தான் கரைச்சல் கொடுத்து வைக்க வச்சேன்னு சிரிச்சா. யாரை வைக்க வச்சேன்னு கேட்டேன்.

"என்ட மனுஷனைத்தான். அவர்தானே இதை வெட்டினது"ன்னா.

ஒரு கிழமை கழிச்சு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ வரல. வீடு எங்கன்னு மட்டும் கேட்டு வச்சிருக்கிறேன். உம்மாவுக்குத் தெரியாது. என்ன செய்யட்டும், சொல்லு.

இப்படிக்கு,
ராத்தா
ஸுலைஹா


தம்மாம்,
09.03.1992

ராத்தாவுக்கும் உம்மாவுக்கும் றமீஸாட ஸலாம். ஜுனைதா மாமிக்கும் சொல்லு. வலி பரவாயில்ல. உங்க எல்லார்ட நோம்பையும் அல்லாஹ் ஏத்துக்கட்டும்.

உன்ட கடதாசியை நோம்பு திறக்கிற நேரத்துக்கு சூப்பு கிண்டிக்கிட்டே பிரிச்சேன். சூப்பு கருகி, அரபிக்காரி ஏசி, சட்டியை நானே தேச்சு, அதுக்குப் பிறகும் எனக்கு ஒண்ணும் விளங்கல. யா அல்லாஹ், அவனுக்கு நாப்பதாம் நாள் கத்தம் ஓதினப்ப நான்தானே அடுப்புக்கிட்ட நின்னு சோறு ஆக்கினேன். அப்ப நாம அடக்கினது யாரை ராத்தா? அது யாரு பெத்த புள்ள?

அந்தப் பொம்பளைட மனுஷன் சந்தையில வாங்கிட்டு, நான் வெட்டினதுன்னு புளுகியிருப்பானோன்னும் நெனைக்கிறேன். ஆம்புளைங்க அப்படிப் புளுகுவாங்க. ஆனா இப்படி நெனச்சுக்கிட்டு என்னால இங்க இருக்க ஏலாது. நீ நாவுலைக்குப் போ. உறையைக் கொடுக்க வந்தேன்னு சொல்லிப் போ.

ஒரு விஷயம். மச்சானைக் கூட்டிட்டுப் போகாத. ஏன்னு கேக்காத. தனியாப் போ.

உன்ட பதிலைப் பாத்துக்கிட்டே இருக்கிற,
றமீஸா


பலாபத்வல,
12.04.1992

அன்புத் தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் எப்படிப் போச்சு? உம்மாவுக்கு இங்க சுகம். நீ அனுப்பின துணியில சட்டை தைச்சு உடுத்திக்கிட்டா.

பெருநாளைக்கு மறுநாள் நாவுலைக்குப் போனேன். தனியாத்தான். உன்ட மச்சானிடம் பொய் சொல்ல எனக்கு வராது. போறேன்னு சொன்னேன், நீங்க வர வேணாம்னும் சொன்னேன். ஏன்னு கேக்காம பஸ் ஏத்தி விட்டார்.

ரோட்டுலயிருந்து வயலுக்குள்ள இறங்கிப் போகணும். வெங்காயக் கட்டை முதுகுல போட்டுக்கிட்டு ஒருத்தன் எனக்கு முன்னால நடந்தான். நடையிலயே தெரிஞ்சு போச்சு. ரவூப்னு கூப்பிட்டேன். கட்டு கீழ விழுந்தது. திரும்பிப் பாத்து ராத்தான்னான்.

நம்ம தம்பி உயிரோட இருக்கான் றமீஸா. எழுதிட்டேன். இதை எழுதத்தான் இவ்வளவு நாளும் பேனையை எடுக்கிறதும் வைக்கிறதுமா இருந்தேன்.

அங்க அவனுக்குப் பேர் ரத்னே. தாய் தகப்பன் இல்லாதவன்னு சொல்லி அவங்க தோட்டத்துலயே தங்கி வேலை செஞ்சு, அந்தப் பியசீலியையே கலியாணம் முடிச்சிருக்கான். முடியெல்லாம் கொட்டிப் போச்சு. விரல்ல சாயம் இல்ல, வெங்காயத் தோட்டத்து மண்தான் இருக்கு. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அறையக் கையைத் தூக்கிட்டு, அப்படியே கட்டிப் பிடிச்சேன்.

ஒண்ணு மட்டும் என்ட மனசைத் தைச்சது. அழுகை ஓஞ்ச பிறகு, முறையா ஸலாம் சொல்வோம்னு அஸ்ஸலாமு அலைக்கும்னேன். அவன் பதில் சொல்லல. தலையைக் கூட அசைக்கல. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னான். சிங்கள வீட்டுல இருந்து மறந்துட்டானாக்கும்னு நெனச்சேன்.

நிறைய நேரம் கதைச்சோம். அவன் சொன்னதெல்லாம் கடதாசியில எழுதக் கூடியதில்ல. வீட்டுக்கு வான்னு கையைப் பிடிச்சேன், வர மாட்டேன்னுட்டான். உம்மாவுக்குச் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டான். அந்தக் கலக்கத்துல உறையைக் கொடுக்க மறந்து, திரும்பவும் கடைக்கே கொண்டு வந்துட்டேன்.

உன்ட பலீல் மச்சான் ஸலாம் சொன்னார். இந்த முறையாவது பதில் போடு.

ராத்தா ஸுலைஹா


தம்மாம்,
06.05.1992

ராத்தாவுக்கு, உம்மாவுக்கு, ஜுனைதா மாமிக்கு என்ட ஸலாம். இங்க எல்லாம் நலம், அல்ஹம்துலில்லாஹ். இன்னைக்கு அந்த வார்த்தையை மனசாரச் சொல்றேன்.

இப்படி ஒரு சந்தோஷம் வந்து இப்படி ஒரு கோபமும் வருமா? மூணு வருஷமா உம்மா அவன் செத்துட்டான்னு யாசீன் ஓதிக்கிட்டிருக்கா, துரை நாவுலயில வெங்காயம் பிடுங்கிக்கிட்டிருக்கான். வரட்டும், காதைத் திருகி ரெண்டு வைக்கிறேன். பதில் ஸலாம் சொல்லாட்டி இருக்கட்டும், புள்ளைக்கு மூளை குழம்பியிருக்கும். செப்டெம்பர்ல எனக்கு லீவு. அரபிக்காரி டிக்கெட் எடுத்துத் தாறேன்னுட்டா. நான் வாற அன்னைக்கு அவன் வீட்டுல இருக்கணும். நீ கட்டி இழுத்தாவது கொண்டு வா.

என்ட மாப்புள மஹ்ரூபுக்கு நடந்தது அவனுக்குத் தெரியுமா? சொல்லியிருக்க மாட்டே, எனக்குத் தெரியும். மச்சானும் மச்சினனுமாவா இருந்தாங்க, ஒரே பீங்கான்ல சாப்பிட்டவங்க. என்ட வாயால நானே அவனுக்குச் சொல்லணும்.

உனக்கே நான் முழுசாச் சொன்னதில்ல. ரவூப்ட பை வந்து அடுத்த வாரம்தானே அது. விடியல்ல சுபஹு தொழப் போனவங்களை ஆமிக்காரங்க பள்ளிவாசல்லயே வளைச்சு, ஸ்கூல் மைதானத்துல வரிசையா நிப்பாட்டினாங்க. பொம்பளைங்க நாங்க கம்பி வேலிக்கு இந்தப் பக்கம். வேலிக்குக் கிட்ட நின்ன ஜீப்புக்கு முன்னால ஒருத்தனுக்கு சாக்கை மாட்டி உக்கார வச்சிருந்தாங்க, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னால போய் நிக்கணும். அவன் தலையாட்டினா கலவரக்காரன்னு ஜீப்புல ஏத்துவாங்க, ஆட்டாட்டி வீடு. நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் அவன் தலையாட்டல. எல்லாரும் ஒவ்வொருத்தரா வேலிக்கு வெளிய வந்துக்கிட்டிருந்தாங்க. மஹ்ரூப் போய் நின்னார். அவர்ட உதடு அசைஞ்சது. சாக்குத் தலை ஆடிச்சு.

சாகப் போறோம்னு கலிமாதான் சொல்லியிருப்பார்னு நெனச்சுக்கிட்டேன். பாலத்துக்குக் கீழயிருந்து அவரை எடுத்து வந்து குளிப்பாட்டினப்பவும், வெளிய போகாம வீட்டுக்குள்ள இத்தா இருந்த நாள் முழுக்கவும் அந்த உதட்டைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

சரி, போதும். ரவூப் உயிரோட இருக்கான், எனக்கு அது போதும். அவனுக்கு என்ட ஸலாத்தைச் சொல்லு. பதில் சொல்லாட்டி மண்டையில தட்டு.

றமீஸா


பலாபத்வல,
18.07.1992

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம்.

பதில் போடச் சுணங்கிட்டேன், கோவிக்காத. மழை. தோல் காயுதில்ல, காயாத தோல்ல சாயம் பிடிக்காம திட்டுத் திட்டா வருது. உம்மாவுக்குக் கால்ல ஒரு புண், இப்ப ஆறிக்கிட்டு வருது. நம்ம ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஜுனைதா மாமிட மகளுக்கு கலியாணம் சரி வந்திருக்கு, மாப்புளைட ஊர் உக்குவளை.

செப்டெம்பர்ல நீ வர வேணாம்னு நெனைக்கிறேன். லீவை அடுத்த வருஷத்துக்கு மாத்திக்கோ. வீட்டுக் கூரை வேலை ஒண்ணு செய்யணும், நீ வந்தா இருக்க வசதி இல்ல.

ரவூபைப் பத்திப் புதுசா ஒண்ணுமில்ல. நான் திரும்பப் போகல. உன்ட ஸலாத்தையும் சொல்லல.

உன்ட பலீல் மச்சான் உனக்காக ஒரு உறை செய்றார், ஏலக்காய்க் கொடி போட்டு. நீ ஒரு வார்த்தை எழுதினா அந்த மனுஷன் சந்தோஷப்படும்.

உடம்பைப் பாத்துக்கோ.
ராத்தா ஸுலைஹா


தம்மாம்,
09.08.1992

ராத்தாவுக்கு,

உம்மாட புண் ஆறினதுக்கு அல்ஹம்துலில்லாஹ். மழை, ஆடு, கலியாணம், கூரை எல்லாம் வாசிச்சேன். நான் வரக்கூடாதுங்கிறதையும் வாசிச்சேன்.

மூணு வருஷமா நான் எழுதாததை இப்ப எழுதுறேன். நான் வந்தா ரவூபும் நானும் ஒண்ணா உக்காந்து கதைப்போம், கதைச்சா அது வெளிய வரும்னுதானே பயப்படுறே? ரவூப் உனக்கு எதையோ சொல்லியிருக்கான். நீ மூடுறே. எதை மூடுறேன்னு எனக்குத் தெரியும்.

சாக்குக்குள்ள இருந்தவன் சாக்கு ஆடாம இருக்க ஒரு கையால கழுத்துக்கிட்ட பிடிச்சிருந்தான். அந்த விரலை நான் பாத்தேன். நகத்துக்குள்ளயும் கணுவுக்குள்ளயும் காசுக்கட்டிச் சாயம். முதல்ல இரத்தம்னு நெனச்சேன். இரத்தம் இல்ல. எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாத நம்ம பட்டறைச் சாயம் எனக்குத் தெரியாதா? வாப்பா கண்ணை மூடின பிறகு, அந்தச் சாயம் பிடிச்ச ஆம்புளைக் கை ஊர்ல மூணுதான். ரவூப் செத்துட்டான்னு இருந்தோம். மஹ்ரூப் வரிசையில நின்னார். மிச்சம் யாரு?

ஊர் ஆம்புளைங்க எல்லாரும் மைதானத்துல. உன்ட வீட்டு ஆம்புள மட்டும் இல்ல. மாத்தளைக்குத் தோல் வாங்கப் போயிருக்கார்னு நீதான் சொன்னே. பொழுது பட்டு வீட்டுக்கு வந்தார், கையில தோலும் இல்ல. அடுத்த நாள் அந்தக் கையாலேயே என்ட மாப்புளைட சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்.

இத்தா முடிஞ்ச கையோட நான் ஏன் இந்தப் பாலைவனத்துக்கு ஓடி வந்தேன்னு நெனச்சே? உன்ட தாலியை அறுக்க எனக்கு மனசில்ல. அதனால வாயை மூடிக்கிட்டேன். ஆனா பலீல்னு அந்தப் பேரை எழுதி அதுக்கு ஸலாம் சொல்ல என்ட கை வராது. சமாதானம் உண்டாகட்டும்னு அவருக்கு எப்படி எழுதுவேன்?

றமீஸா


பலாபத்வல,
25.08.1992

றமீஸா,

சுகம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்ல. எழுத்து கோணினா பொறுத்துக்கோ, என்ட கண்ணாடி உடைஞ்சு கிடக்கு.

கண்ணாடி இல்லாததால உன்ட கடதாசியை எனக்கு வாசிச்சுக் காட்டினது யார் தெரியுமா? அவர்தான். பட்டறையில உக்காந்து, மழை ஆடுன்னு சிரிச்சுக்கிட்டே தொடங்கினார். சாயம்ங்கிற இடத்துல குரல் இறங்கிச்சு. ஆனா நிப்பாட்டல. போதும், தாங்கன்னு நான் பறிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டு தன்ட பேர் வரைக்கும், அதுக்கு அப்பாலயும் வாசிச்சு முடிச்சார். மடிச்சு என்ட மடியில வச்சார். தன்ட ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தார். பிறகு எழும்பிப் போய்த் தோலை நனைக்கத் தொடங்கிட்டார். 

அவர் அன்னைக்கு மாத்தளைக்குப் போகல. நான்தான் ஒளிச்சு வச்சேன். பள்ளியை வளைச்சுட்டாங்கன்னு சத்தம் கேட்டதும், பின்பக்கத் தொட்டியில படுக்க வச்சு, மேல நனைச்ச தோலைக் குவிச்சேன். நாத்தத்துக்கு ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்னு தெரியும். பொழுது படும் வரைக்கும் அதுக்குள்ளதான் கிடந்தார். மாத்தளைன்னு உனக்கும் சேத்துச் சொன்னேன். மஹ்ரூப் போன பிறகு, என்ட மாப்புளையை மட்டும் ஒளிச்சேன்னு உன்ட மூஞ்சியைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல.

இனி மிச்சம். எழுதினா உனக்குத் தம்பி இல்லாமப் போவான். எழுதாட்டி இந்த மனுஷன் செய்யாத பாவத்தைச் சுமப்பார். எழுதுறேன்.

சாக்குக்குள்ள இருந்தது ரவூப்.

நாலந்தாவுல ஆமிக்காரங்க பஸ்ஸை நிப்பாட்டி அவனை இறக்கியிருக்காங்க. பையை வேற யாருக்கோ பக்கத்துல போட்டு எரிச்சிருக்காங்க. அது யாருன்னு அவனுக்கும் தெரியாது. அடிச்சுப் போட்டு, ஊர் ஊராக் கொண்டு போய் சாக்கை மாட்டி உக்கார வச்சிருக்காங்க. வாயைத் திறந்தா சுடுவோம், தலையை மட்டும் ஆட்டுன்னு சொல்லியிருக்காங்க. பலாபத்வலயில இறக்கினப்ப, நம்ம ஊர் ஆள் ஒருத்தருக்கும் ஆட்டமாட்டேன், என்னைக் கொன்னாலும் சரின்னு நிய்யத்து வச்சிருந்தானாம். நீயே எழுதியிருக்கே, ஒருத்தருக்கும் ஆட்டலன்னு.

மஹ்ரூப் முன்னால வந்து நின்னார். சாக்கைப் பிடிச்ச விரலைப் பாத்தார். நீ கண்ட அதே சாயத்தைத்தான் அவரும் கண்டார், ஆனா அவருக்கு ஆள் விளங்கிடுச்சு. செத்தவன் உயிரோட இருக்கான்னு அவர்ட முகம் அப்படியே மலர்ந்துச்சாம் றமீஸா. அந்த இடத்துல நிக்கிறதையும் மறந்து, மெல்ல அஸ்ஸலாமு அலைக்கும்னாராம். அதுதான் நீ கண்ட உதடு.

"வாயைத் திறக்க ஏலாது ராத்தா. ஸலாம் சொன்னவருக்குப் பதில் சொல்லணுமே. தலை தானா ஆடிடுச்சு"ன்னான்.

சின்னதுல இருந்து வாப்பா பழக்கின பழக்கம். வாயில சோறு இருந்தா தலையை ஆட்டியாவது ஸலாத்துக்குப் பதில் கொடுன்னு. அதைத்தான் செஞ்சான். ஆமிக்காரன் ரெண்டு பேர் இறங்கி மஹ்ரூபை இழுத்துட்டுப் போயிட்டாங்க. ஜீப் ஊரைத் தாண்டினதும் இல்ல இல்லன்னு கத்தினானாம், சாக்குக்குள்ளயே அடிச்சு மயங்க வச்சுட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு செத்துட்டான்னு நெனச்சு அவனையும் அவன்ட பிளாஸ்க்கையும் நாவுலப் பக்கம் வீசிட்டுப் போயிருக்காங்க. பியசீலிட தகப்பன் தூக்கிட்டுப் போய் வச்சுக் காப்பாத்தியிருக்கார். அதுக்குப் பிறகு அவன் ஒருத்தர்ட ஸலாத்துக்கும் பதில் சொன்னதில்லையாம்.

எனக்கு இனி எழுத ஒண்ணுமில்ல. உனக்கு என்ன தோணுதோ அதை எழுது. ஏசி எழுது. எழுதாம மட்டும் இருக்காத.

ஸுலைஹா


பலாபத்வல,
30.10.1992

அன்புத் தங்கச்சிக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

செப்டெம்பர் போச்சு, ஒக்டோபரும் போகுது. நீயும் வரல, கடதாசியும் வரல. தபால்காரன் சைக்கிளைக் கண்டா உம்மா கதிரையை விட்டு எழும்பி வாறா. நீ சுகமா இருக்கியான்னு மட்டும் ஒரு வரி போடு. வேற ஒண்ணும் எழுத வேணாம்.

ரவூபுக்கு உனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு சொல்லியனுப்பினேன். போன வெள்ளிக்கிழமை வந்தான். வீட்டுக்குள்ள வரல, கடைக்கு எதிர்ல பஸ் ஹோல்ட்ல உக்காந்து இந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருந்தான். மச்சான் ஒரு கோப்பை பிளேன்டீயைக் கொண்டு போய்க் கொடுத்து, பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தார். 

அந்த உறை இன்னும் கடையிலதான் தொங்குது, பட்டி இல்லாம. மூணு அன்னமும் கண்ணை முழிச்சுக்கிட்டு என்னைப் பாக்குது. கண்ணைச் சுரண்டிடவா, விடவா, நீ சொல்லு.

ராத்தா ஸுலைஹா


தம்மாம்,
21.11.1992

முதல்ல பலீல் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ராத்தாட கண்ணாடி இன்னும் உடைஞ்சு கிடந்தா நீங்கதான் இதை வாசிப்பீங்க. வாசிங்க மச்சான். உங்களுக்குச் சேர வேண்டிய ஸலாம் மூணு வருஷத்தது என்கிட்ட கிடக்கு. ஒரு கடதாசியில அவ்வளவையும் எழுத ஏலாது. வந்து, உங்கட கையைப் பிடிச்சுச் சொல்றேன். நீங்க பதில் சொல்லாட்டியும் எனக்குக் கேக்க வாயில்ல.

உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் ஸலாம். நான் சுகமா இல்ல. காய்ச்சலும் இல்ல, வலியும் இல்ல. சமைக்கிறேன், துவைக்கிறேன், யாராவது என்னைப் பாத்துத் தலையாட்டினா கையில இருக்கிறது விழுது. இன்னைக்கு வரைக்கும் மூணு பீங்கான் உடைச்சுட்டேன்.

கலிமா சொல்லிட்டுப் போனார்னு இருந்தேன் ராத்தா. அவர் சந்தோஷப்பட்டுக்கிட்டுப் போயிருக்கார். அதைத் தாங்க ஏலல.

கண்ணைச் சுரண்டாத. கண்ணை அழிச்சா, பாக்காததா ஆயிடுமா? நல்ல பட்டியா வச்சுத் தைச்சு, அந்தப் பியசீலி கையில கொடுத்துடு. அவ தகப்பனுக்கு நான் துஆ செய்றேன்னு சொல்லு.

ஜனவரியில வாறேன். டிக்கெட் கையில இருக்கு. ரவூப் வந்தா வரட்டும். வீட்டுக்குள்ள கூப்பிட்டு, உம்மாட மடியில தலையை வைக்கச் சொல்லு. சோறு போடு, மஹ்ரூப் சாப்பிட்ட பீங்கான்லயே போடு. நான் வந்து நிக்கிறப்ப அவன் அங்க இருந்தா, இருக்கட்டும்.

ஆனா ஒண்ணு மட்டும் அவனுக்குச் சொல்லி வை. எனக்கு ஸலாம் சொல்ல வேணாம். அவன் சொன்னா, நானும் அந்த வாப்பாட மகதான், பதில் சொல்லாம இருக்க எனக்கு ஏலாது.

றமீஸா